காணாமல் போன வைரஸ்

எஸ்.வி.40 என்று ஒரு குரங்கு வைரஸ். எலிச் செல்லுக்குள் புகுந்து, சில செல்களைப் புற்றுச் செல்போல மாற்றிவிடும். அப்புறம் தேடினால் வைரஸைக் காணோம்!

1968-இல் கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிலையத்தில் ரெனாட்டோ டல்பெக்கோ குழுவினர் இதைத் துப்பறிந்தார்கள். வைரஸ் டி.என்.ஏ.வைப் பார்த்துக் கதிரியக்க ஆர்.என்.ஏ. நகல் எடுத்தார்கள். அது தன் ஜோடியோடுதான் ஒட்டும். மாறிய செல்லின் டி.என்.ஏ.வோடு சேர்த்தார்கள்; ஒட்டியது. எலியின் மரபுத்தொகுதியில் சுமார் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான் அந்த வைரஸ். அதையே பிடித்துவிட்டார்கள், பாருங்கள்!

வைரஸ் டி.என்.ஏ. உள்ளே தனியாகத் திரிகிறதா, எலியின் டி.என்.ஏ.வோடு இணைந்துவிட்டதா? காரத்தில் இழைகளைப் பிரித்து, அதிவேகமாகச் சுழற்றினார்கள். தனியாக இருந்தால், சிறியது என்பதால் பின்தங்கியிருக்கும். பின்தங்கவில்லை, எலியின் நீண்ட இழைகளோடு சேர்ந்தே இறங்கியது. ஆக, இணைந்துவிட்டது; செல் பிரியும்போதெல்லாம் வைரஸ் மரபணுவும் கூடவே நகலாகிறது. டல்பெக்கோவுக்கு 1975-இல் நோபல், இன்னும் இருவரோடு.