சக்கரவர்த்தியின் காசும் சாதனின் பானையும்

(டெலானிபூர் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரோமாபுரிச் சக்கரவர்த்திகளுக்கும் அந்தமானில் பிழைக்க வந்த நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

1898-இல் புதுக்கோட்டைச் சீமையிலுள்ள கருக்காக்குறிச்சியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரை பல சக்கரவர்த்திகளின் தலை பொறித்த காசுகள் அவை. அவற்றில் பெரும்பாலான தலைகளின் குறுக்கே உளியால் வெட்டு விழுந்திருக்கிறது! மறுபடி நாணயமாகச் செல்லாதபடி செய்யவே அப்படி வெட்டினார்கள் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. ரோமாபுரியில் அந்த முகத்துக்கு மதிப்பு. நம் நாட்டில் பொன்னின் எடைக்குத்தான் மதிப்பு.

கி.பி. 64-இல் நீரோ மன்னன் வெள்ளிக்காசில் வெள்ளியைக் குறைத்தான். தென்னாட்டில் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் மிகப் பெரும்பாலானவை அவனுக்கு முந்திய அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. கலப்படக் காசை நம்மவர் விரும்பவில்லை என்றே தோன்றுகிறது.

சரி, மன்னர்கள் பெயர் காசில் நின்றது. உழைத்தவன் பெயர்? வெஸ்பேசியன் தொடங்கிய கொலோசியத்தை அவன் மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்து வைத்தான். இருவர் பெயரும் சரித்திரத்தில் இருக்கின்றன. கல் சுமந்தவர்கள் பெயர் இல்லை. தூரம் போவானேன்? இங்குள்ள செல்லுலார் சிறையை 1896 முதல் 1906 வரை கட்டியவர்கள் கைதிகளே. அதைக் கட்டிய கைகள் யாருடையவை என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

ஆனால் ஒரு செய்தி கேளுங்கள். எகிப்து நாட்டில், செங்கடல் கரையில், குசேர் அல் காதிம் என்ற பழைய துறைமுகம் உண்டு. அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் எழுத்தில் ‘கணன்’, ‘சாதன்’ என்ற பெயர்கள் இருக்கின்றன. வயது ஏறக்குறைய இரண்டாயிரம்! அவர்கள் மன்னர்கள் அல்லர். நம்மைப் போலக் கடல் கடந்து போன தமிழர்கள். தங்கள் பானையில் தாங்களே பெயர் பொறித்ததால் இன்றும் இருக்கிறார்கள்.

நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தார்கள். துறைமுகத்திலும் சாலையிலும் மரக்கூப்பிலும் வியர்வை சிந்தினார்கள். அவர்கள் பெயரை நமக்காக எவரும் எழுதி வைக்கப் போவதில்லை. ஆகவே, வீட்டுக்கொரு நோட்டுப் போடுங்கள். வந்தவர் பெயர், சொந்த ஊர், வந்த ஆண்டு, செய்த வேலை எல்லாவற்றையும் எழுதுங்கள். பழைய கப்பல் டிக்கெட்டையும் கூலிச் சீட்டையும் அடுப்பில் போடாதீர்கள். எழுதத் தெரியாத பெரியவர் சொல்ல, படிக்கும் பிள்ளை எழுதட்டும்.

மன்னனுக்குத் தங்கக்காசு கிடைத்தது. சாதனுக்கு ஒரு பானை போதுமானதாக இருந்தது. நமக்கு ஒரு நோட்டுப் போதும், தோழர்களே!