நாணயத்தை நிறுத்துப் பார்த்த கணிதப் பேராசிரியர்

(குறுவள மையக் கூட்டம் ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



"அவருக்குக் கணக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது" என்று ஒரு கணக்கு ஆசிரியரைப் பற்றிச் சொன்னால், அதை நாம் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பாராட்டுக்குச் சற்றும் பொருந்தாத ஒரு கணிதப் பேராசிரியரை இன்று நினைவுகூர விரும்புகிறேன். அவர் பெயர் தாமோதர் தர்மானந்த கோசாம்பி. டி.டி. கோசாம்பி என்றால் சமூக அறிவியல் ஆசிரியர்கள் உடனே தலையசைப்பீர்கள். பண்டைய இந்திய வரலாற்றைப் படித்தவர்கள் அவர் பெயரைக் கடக்காமல் வந்திருக்க முடியாது. ஆனால் அவர் சம்பளம் வாங்கியது வரலாற்றுக்காக அன்று, கணிதத்துக்காக.

1907ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் கோவாவில் கோஸ்பென் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தர்மானந்த கோசாம்பி பௌத்த அறிஞர். இலங்கை வரை சென்று பாலி மொழி கற்றவர். தந்தைக்கு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணி கிடைத்ததால், 1918இல் மகனும் உடன் சென்றார். அங்கேயே பள்ளிப் படிப்பு. பிறகு அதே பல்கலைக்கழகத்தில் 1929இல் பட்டம். நாடு திரும்பி, பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும் அலிகாரிலும் கணிதம் கற்பித்தார். 1933இல் புனே பெர்குசன் கல்லூரியில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். அதன்பின் ஹோமி பாபாவின் அழைப்பில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சென்று, 1962 வரை அங்கு இருந்தார். அவருடைய முதன்மைத் துறை வடிவியல். மரபணுக்களுக்கு இடையிலான தூரத்தைக் கணக்கிட 1944இல் அவர் தந்த வாய்பாட்டை மரபியலாளர்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறார்கள்.

இனி அவருடைய பொழுதுபோக்குகளுக்கு வருவோம். பழைய நாணயங்கள், சமஸ்கிருதச் சுவடிகள், மலையேறி நடப்பது, கல்லாயுதங்கள் சேகரிப்பது, கிராம தெய்வங்களின் கதை கேட்பது என்று பட்டியல் நீளும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஆசைகள்போல் தோன்றும். ஆனால் இவற்றைக் கோத்த ஒரு நூல் உண்டு. அதன் முனை தராசில் இருக்கிறது.

பெர்குசன் கல்லூரியில் இருந்தபோது கோசாம்பி புள்ளியியலைத் தானாகவே கற்கத் தொடங்கினார். புத்தகத்தில் உள்ள பயிற்சிக் கணக்குகளோடு நில்லாமல், உண்மையான ஒரு சிக்கலை எடுத்துத் தீர்த்துப் பழக விரும்பினார். அதற்குக் கிடைத்தவை முத்திரை நாணயங்கள். மௌரியர் காலத்திலும் அதற்கு முன்பும் வழங்கிய வெள்ளித் துண்டுகள் அவை. சூரியன், மலை, விலங்கு போன்ற அடையாளங்கள் குத்தப்பட்டிருக்கும். அரசன் பெயரும் இராது, ஆண்டும் இராது. அப்படியானால் எது முந்தையது, எது பிந்தையது என்று எப்படிச் சொல்வது?

கோசாம்பி எளிய வழியில் யோசித்தார். ஒரே சாலையில் அடித்த நாணயங்கள் புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ ஒரே எடையில் இருக்கும். கைமாறக் கைமாற ஒவ்வொன்றும் சிறிது தேயும். சில நாணயங்கள் சந்தை சந்தையாகச் சுற்றும். சில பானைக்குள் கிடக்கும். ஆகவே நாள் ஆக ஆகச் சராசரி எடை குறையும். எடைகளுக்கு இடையிலான சிதறல் கூடும். புதையலாகப் புதைக்கப்பட்டதும் இந்தத் தேய்மானம் நின்றுவிடும். எனவே ஒரே புதையலில், மற்றவை ஒத்திருக்கும்போது, அதிகம் தேய்ந்த வகை அதிக காலம் புழங்கிய வகை.

இது சரியா என்று பார்க்க, அவர் காலத்தில் புழக்கத்தில் இருந்த நாணயங்களையும் நிறுத்துப் பார்த்தார். பிறகு தட்சசீலத்தில் கிடைத்த புதையல்களின் எடைகளை ஆராய்ந்தார். நாணயத்தின் பின்புறத்தில் உள்ள சிறு குறிகள் கூடக் கூட, எடை குறைந்துகொண்டே வந்தது. எதற்கென்று தெரியாமல் இருந்த அந்தக் குறிகள், நாணயம் புழங்கிய காலத்தைக் காட்டும் சான்றாக மாறின. சராசரியும் சிதறலும் தெரிந்த ஒருவரால்தான் இதைச் சொல்ல முடிந்தது.

அத்துடன் அவர் நின்றிருக்கலாம். ஆனால் அடுத்த கேள்வி வந்தது. இந்த நாணயங்களை அடித்தவர்கள் யார்? விடை தேடப் புராணங்களையும் பழைய நூல்களையும் படிக்க வேண்டியிருந்தது. அதற்குச் சமஸ்கிருதத்தில் ஆழமாக இறங்கினார். நூல்களோ பிரதிக்குப் பிரதி மாறுபட்டன. எந்தப் பாடம் மூலம் என்று தேடப்போய், பர்த்ருஹரியின் பாடல்களுக்கு நூற்றுக்கணக்கான கையெழுத்துப் பிரதிகளை ஒப்பிட்டு 1948இல் செம்பதிப்பு கொண்டுவந்தார். ஏட்டில் உள்ள வரலாறு அரசர்களைப் பற்றியே பேசுகிறது, உழுதவனும் ஆடு மேய்த்தவனும் எங்கே என்ற கேள்வி அடுத்து எழுந்தது. அதற்காகப் புனேயைச் சுற்றியுள்ள மலைகளில் நடந்தார். மேய்ச்சல் வழிகளில் சின்னஞ்சிறு கல்லாயுதங்களைப் பொறுக்கினார். செந்தூரம் பூசிய அம்மன் கல் இருக்கும் இடமெல்லாம் நின்று, அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஊராரிடம் கேட்டார். இவ்வளவும் சேர்ந்துதான் 1956இல் இந்திய வரலாறு பற்றிய அவருடைய அறிமுக நூலாக வெளிவந்தது. ஒரு கேள்வி அடுத்த கேள்விக்கு இட்டுச்சென்ற இந்தப் பாதையைப் பின்னாளில் அவரே ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

இதற்கு அவர் விலையும் கொடுத்தார். கணிதத்தை விட்டு விலகிப் போகிறார் என்ற பேச்சு எழுந்தது. எண்கோட்பாட்டின் மிகக் கடினமான புதிர்களில் ஒன்றான ரீமான் கருதுகோளுக்கு அவர் வெளியிட்ட நிறுவல் கணிதவியலாளர்களால் ஏற்கப்படவில்லை. 1962க்குப் பிறகு ஆராய்ச்சி நிறுவனத்தில் அவருடைய பணி நீட்டிக்கப்படவில்லை. வரலாற்றிலும் அவர் முடிவுகள் பலவற்றைப் பின்வந்த அறிஞர்கள் மறுத்திருக்கிறார்கள். 1966 ஜூன் 29 அன்று, 58 வயதில், புனேயில் காலமானார். இவற்றையும் சேர்த்துத்தான் அவரை நினைக்க வேண்டும். பல துறைகளில் கால் வைப்பவர் சில இடங்களில் சறுக்கவும் செய்வார். ஆனால் கணித வகுப்பறைக்குள்ளேயே அவர் நின்றிருந்தால், அந்த வெள்ளித் துண்டுகள் இன்னும் எத்தனை காலம் பேசாமல் கிடந்திருக்குமோ!

நமக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பதிவேடுகள், தேர்வுகள், பயிற்சிகள் இவற்றுக்கிடையே நமக்கென்று ஓர் ஆர்வத்தை வைத்துக்கொள்வதே பலருக்குக் கூச்சமாகிவிட்டது. பறவை பார்க்கும் அறிவியல் ஆசிரியர், கல்வெட்டுப் படிக்கும் தமிழாசிரியர், தபால்தலை சேர்க்கும் கணக்கு ஆசிரியை என்று நம்மிடையே எத்தனையோ பேர் உண்டு. அந்த ஆர்வத்தைப் பள்ளிக்கு வெளியே கழற்றி வைத்துவிட்டு வருகிறோம். அதை உள்ளே கொண்டுவாருங்கள். ஆசிரியரே ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு, தானும் தேடலாம் என்ற துணிவு வரும்.

ஒரு சிறு செயல்பாட்டைச் சொல்லி முடிக்கிறேன். பத்தாம் வகுப்பில் சராசரி, வீச்சு, திட்ட விலக்கம் எல்லாம் நடத்துகிறோம். எண்கள் பெரும்பாலும் பாடநூலிலிருந்தே வருகின்றன. ஒருமுறை அறிவியல் ஆய்வகத்துத் தராசைக் கேட்டு வாங்குங்கள். ஒரே வடிவ நாணயங்களில் பழையவை இருபது, புதியவை இருபது சேர்த்து, பிள்ளைகளையே நிறுக்கச் சொல்லுங்கள். வடிவம் மாறினால் எடையே மாறும். அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். இன்றைய எஃகு நாணயம் வெள்ளியைப்போல் எளிதில் தேயாது. வித்தியாசம் தராசில் தெரியாமலே போகலாம். அப்படியானால் ஏன் தெரியவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. அந்தக் கேள்வியைப் பிள்ளைகள் கேட்கட்டும், காத்திருங்கள். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் நாணயத்துக்குப் பதில் இருபது புளியங்கொட்டைகளை எடுத்துக்கொள்ளலாம். எது கனம், எது லேசு, ஏன் எல்லாம் ஒன்றுபோல் இல்லை என்று கேட்டாலே போதும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வகுப்பில் பிறந்த ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வாருங்கள். விடை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அவற்றைச் சேர்ந்து படிப்போம்.