மகரக்கட்டுக்குப் பின்: தாழ்குரல் பாடகரின் வாழ்க்கைப் பாதை



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில், ஓபராவிலும் தனிப்பாடல் அரங்கிலும் முன்னுக்கு வரும் பாரிட்டோன் பாடகர்களைப் பற்றிப் பேசலாமா என்று நான் கேட்டபோது, ஏற்பாட்டாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி அவர்கள் முகத்தில் இருந்தது. மரியாதை கருதிக் கேட்கவில்லை. சம்பந்தம் உண்டு என்று காட்டத்தான் வந்திருக்கிறேன். நான் கேட்கப்போவது ஒரே கேள்வி: ஒரு குரல் முற்றுவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் பிடிக்குமென்றால், அந்தக் காலம் முழுவதும் பாடகனுக்குச் சோறு போடுகிறவர் யார்?

ஆண் குரலை மேலைத்தேயத்தார் மேலிருந்து கீழாக டெனர், பாரிட்டோன், பாஸ் என்று வகுப்பார்கள். நடுவில் நிற்கிற பாரிட்டோன்தான் பெரும்பாலான ஆண்களுக்கு இயல்பாக அமைகிற குரல். டெனர் அரிது, அரிதானதற்கு விலையும் அதிகம். அதனால் காதலன் வேடம் டெனருக்குப் போய்விடும். தகப்பன், வில்லன், போட்டிக்காரன், அரசவைக் கோமாளி எல்லாம் பாரிட்டோன் பங்கு. இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டி இந்தப் பங்கீட்டை மாற்றாமலே அதன் மதிப்பைத் தலைகீழாக்கினார். ‘ரிகொலெட்டோ’வில் (1851) மகளைப் பறிகொடுக்கும் கூனன், ‘லா திராவியாதா’வில் (1853) மகனை மீட்க வரும் ஜெர்மோன், ‘சிமோன் பொக்கானேக்ரா’வில் (1857) தொலைந்த மகளைக் கண்டெடுக்கும் தலைவன் ஆகிய மூவரும் தகப்பன்மார், மூவரும் பாரிட்டோன்கள். காதலர் பாட்டைவிட அவர்கள் பாட்டுத்தான் நெஞ்சில் தங்குகிறது. ஆனால் இருபத்திரண்டு வயதுப் பையன் அந்தத் தகப்பனாக நின்று பாட முடியாது. தொண்டையும் இடங்கொடாது, முகமும் இடங்கொடாது. முப்பது தாண்டவேண்டும், வெர்டி வேடங்களுக்கு முப்பத்தைந்து என்றாலும் அவசரம் என்பார்கள்.

நம் பக்கத்தில் கணக்கு வேறாக இருந்தது. தமிழ்நாட்டு பாய்ஸ் நாடகக் கம்பெனிகள் எட்டு ஒன்பது வயதுப் பையன்களை எடுத்து, உணவும் உறைவிடமும் கொடுத்துப் பாட்டும் வசனமும் புகட்டின. கணீரென்ற குரல் உள்ளவனுக்கு ராஜபார்ட், இல்லாவிட்டால் ஸ்திரீபார்ட். பதின்மூன்று பதினான்கில் மகரக்கட்டு வரும். குரல் உடையும். அதன் பின்னும் மேல் சுருதி எட்டினால் பிழைத்தான். எட்டாதவன் ஆர்மோனியத்துக்கோ, காமிக்குக்கோ, வீட்டுக்கோ போனான். எஸ். ஜி. கிட்டப்பா பிழைத்தவர்களில் தலையாயவர். 1906இல் பிறந்து 1933இல் மறைந்தார். அவர் புகழின் உச்சியைத் தொட்டு, அதைத் தாண்டி, போயும் சேர்ந்துவிட்ட அந்த இருபத்தேழு வயதில் ஐரோப்பியப் பாரிட்டோன் ஒருவன் சின்ன வேடங்களுக்கு ஓட்டம் ஓடிக்கொண்டிருப்பான். பாரிட்டோன் பிறப்பதே மகரக்கட்டுக்குப் பிறகுதான். நம் கம்பெனிகளின் ஏணி அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

இதற்குக் கம்பெனி முதலாளிகளை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும். அன்றைய ராஜபார்ட்டுகள் நாலு கட்டை, ஐந்து கட்டையில் எடுத்தார்கள் என்பதைக் கேட்டு இன்று வியக்கிறோம். இன்றைய ஆண் கச்சேரி வித்துவான்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் நிற்கிறவர்கள். அன்று மேல் கட்டையில் பாடியது வித்தை காட்டுவதற்கு மட்டும் செய்ததில்லை. காதில் விழுவதற்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை.

வேறு வழி ஒன்று உண்டு. அறுபது எழுபது வாத்தியங்கள் முழங்கும்போது ஒலிவாங்கி இல்லாமல் ஒரு தாழ்குரல் எப்படி மேலெழுகிறது என்பதை 1970களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் அளந்து காட்டினார். வாத்தியக் குழுவின் ஒலிவலு 500 ஹேர்ட்ஸ் அளவில் உச்சத்தில் இருந்து, மேலே போகப்போகக் குறைகிறது. பயின்ற பாடகர் குரல்வளையைச் சற்றுத் தாழ்த்தி, அதற்கு நேர் மேலுள்ள குழலை ஒடுக்கி, 3,000 ஹேர்ட்ஸ் அளவில் தனியாக ஒரு ரீங்காரத்தை எழுப்புகிறார். அங்கே வாத்தியங்களின் வலு குறைவு. மனிதச் செவியோ அந்த இடத்தில்தான் மிகக் கூர்மை. குரல் கத்தாமலே ஊடுருவிப் போகிறது. இந்த ரீங்காரம் ஆறு மாதத்தில் வருவதில்லை. வருடக்கணக்கில், தினமும், கேட்டுத் திருத்த ஒரு ஆசிரியர் பக்கத்தில் இருந்தால்தான் நிலைக்கும்.

சரி, அந்த வருடங்களை ஐரோப்பாவில் எப்படிக் கடத்துகிறார்கள்? ரொசினியின் ‘செவில்லின் நாவிதன்’ (1816) திரை விலகும்போது முதலில் வாய் திறக்கிறவன் கதாநாயகனான ஃபிகரோ அல்ல. ஃபியொரெல்லோ என்ற வேலைக்காரன். விடியுமுன் கூலிப் பாட்டுக்காரர்களை அழைத்து வந்து, மெல்ல மெல்ல என்று அடக்கிவிட்டு, அவன் கொஞ்ச நேரத்தில் போய்விடுவான். அவனும் பாரிட்டோன். இளம் பாடகன் ஒருவன் அதைப் பாடிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் நின்று, மூத்தவர் ஃபிகரோவாகப் பாடுவதை ஒவ்வோர் இரவும் கேட்பான். ‘கார்மெ’னில் வரும் மொராலெஸ் என்ற சிப்பாய் இன்னொரு பாடசாலை. மூத்தவருக்குத் தொண்டை கட்டினால் இவன் ஏறவேண்டும். அதற்காகப் பெரிய வேடத்தையும் பாடம் பண்ணி வைத்திருப்பான். லோரன்ஸ் டிபெட் அப்படி மேலே வந்தவர்களில் ஒருவர். நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் ஓபராவில் 1923இல் சேர்ந்தார். 1925 ஜனவரி 2ஆம் திகதி வெர்டியின் ‘ஃபால்ஸ்டாஃப்’பில் ஃபோர்டாக ஏறினார். இரண்டாம் அங்கத்தில் அவருடைய தனிப்பாட்டு முடிந்ததும் சனம் அவர் பெயரைச் சொல்லிக் கூச்சலிட்டு, அவரைத் தனியே திரைக்கு முன் வரவழைக்கும்வரை நாடகத்தை நகரவிடவில்லை. அப்போது வயது 28. பத்திரிகைகள் ஒரே இரவில் பிறந்த நட்சத்திரம் என்று எழுதின. ஒரே இரவாம்! அதற்கு முன்னால் சம்பளத்தில் கழிந்த இரவுகளை யார் எண்ணினார்கள்?

போட்டிகளைப் பற்றியும் இதையே சொல்வேன். 1989இல் வேல்ஸ் தலைநகர் கார்டிஃப் நகரில் நடந்த உலகப் பாடகர் போட்டியில் இரண்டு தாழ்குரல்கள் மோதின. முதற்பரிசு சைபீரியாவிலிருந்து வந்த திமித்ரி ஹ்வொரோஸ்தோவ்ஸ்கிக்கு. தனிப்பாடல் பரிசு உள்ளூர்ப் பையன் பிரின் டெர்ஃபெலுக்கு. இருவரும் உலகப் புகழ் பெற்றார்கள். ஹ்வொரோஸ்தோவ்ஸ்கி அதற்கு முன்னரே கிராஸ்நயார்ஸ்க் என்ற தம் சொந்த ஊர் ஓபராவில் சம்பளத்துக்குப் பாடிக்கொண்டிருந்தவர் என்பதை மட்டும் பலரும் கவனிப்பதில்லை. பரிசு கதவைத் திறக்கும், உண்மைதான். கதவு வரைக்கும் நடந்து வருவதற்கு முழங்காலில் பலம் கொடுத்தது அந்தச் சிறிய ஊர்ச் சம்பளம். ஜேர்மனியில் அரசுப் பணத்தில் நடக்கும் ஓபரா அரங்குகள் எண்பது வரையில் உண்டு. பலவற்றிலும் நிலைய பாடகர்கள் சம்பளத்தில் இருக்கிறார்கள். டெல்லியிலிருந்து லண்டன் ராயல் அக்கடமிக்குப் போன டார்வின் பிரகாஷ் என்ற இளம் பாரிட்டோன் ஹனோவர் அரங்கில் சேர்ந்தது இந்த வழியால்தான்.

தனிப்பாடல் அரங்கு இன்னும் கடினம். உடை இல்லை, ஒப்பனை இல்லை, ஒருவர் பாட ஒருவர் பியானோ வாசிப்பார். இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாட்டுகளை வியன்னாவில் பரப்பியவர் யோஹான் மிக்கேல் ஃபோக்ல் (1768–1840) என்ற ஓபரா பாரிட்டோன்; நாடகத்தில் பேர் எடுத்தபின் இருபது வயதுப் பையனின் பாட்டுகளைத் தூக்கிப் பிடித்தார். 1827இல் ஷூபர்ட் எழுதிய ‘குளிர்காலப் பயணம்’ 24 பாட்டுகளின் தொகுப்பு. எழுதப்பட்ட சுருதி டெனருக்குப் பொருந்துவது. பாரிட்டோன்கள் கட்டையை இறக்கிப் பாடி அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். டீட்ரிக் ஃபிஷர்-டீஸ்காவ் (1925–2012) அதைத் திரும்பத் திரும்ப ஒலிப்பதிவு செய்தார். யுத்தக் கைதியாக இத்தாலியில் இருந்து திரும்பி, 1948இல், 23 வயதில், பெர்லின் நகர ஓபராவில் வேலைக்கு அமர்ந்தவர். மறுபடியும் சம்பளம்! நான் ஒரே இடத்தில் சுற்றுவதாகத் தோன்றினால் மன்னிக்கவும், விஷயமே அந்த இடத்தில்தான் சுற்றுகிறது.

இனி இந்த வளாகத்துக்கு வருவோம்.

1956 நவம்பரில் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ என்ற சிங்கள நாடகம் மேடையேறியது. பாடியவர்களில் பெரும்பாலோர் பேராதனை மாணவர்கள். அது பின்பற்றிய ‘நாடகம’ என்ற சிங்கள வடிவம் நம் கூத்திலிருந்து கடல் ஓரமாக இறங்கிப் போனது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதன் இசையைச் சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயிடமிருந்து சரச்சந்திர பெற்றுக்கொண்டார். 1961இல், இதோ இந்தச் சரிவிலிருக்கும் திறந்தவெளி அரங்கில், ‘சிங்கபாகு’. மகன் தேடி வந்து அம்பு தொடுக்கிறான். தகப்பன் சிங்கம் அன்போடு நிற்கும்வரை அம்பு தைக்கவில்லை. அந்தச் சிங்கமாகப் பாடியவர் மார்க் அந்தனி பெர்னாண்டோ. பிள்ளைகளைத் தேடிக் காட்டில் அலைந்து அவர் எழுப்பிய கம்பீரமான குரலை வைத்துத்தான் பின்வந்த சிங்கங்களை இந்த நாடு அளந்தது. வெர்டியின் தகப்பன்மாருக்குப் பக்கத்தில் இந்தச் சிங்கத்தைத் தயங்காமல் நிறுத்துவேன். சரச்சந்திர வெர்டியைப் பார்த்துச் செய்ததாகச் சொல்லவில்லை. தகப்பனின் துயரம் தாழ்ந்த குரலில்தான் உட்காரும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

தமிழ்த்துறையில் அதே காலத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரை வரவழைத்து 1962இல் ‘கர்ணன் போர்’ செய்தார். விடிய விடிய ஆடுகிற கூத்து ஓரிரு மணி நேரத்துக்குள் சுருங்கியது. அடுத்த வருடம் ‘நொண்டி நாடகம்’. 1960களின் நடுவில் ‘இராவணேசன்’, அதில் இராவணனாகச் சி. மௌனகுரு. மட்டக்களப்புக் கூத்தில் சட்டங் கொடுத்தல் என்றொரு நாள் உண்டு. அண்ணாவியார் ஆளின் உடலையும் குரலையும் பார்த்து இன்னாருக்கு இன்ன வேடம் என்று ஏட்டைக் கையில் கொடுப்பார். அதன் பின் மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம். களரியில் ஆட்டக்காரன் தருவின் ஓர் அடியைப் பாடியதும் அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதையே திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில் அவன் ஆடி, மூச்சு வாங்கி, அடுத்த அடிக்கு வருவான். கனத்த குரல்காரனும் அந்த ஓய்வால் விடியும்வரை தாங்குவான். ஓபராப் பாரிட்டோனுக்கு அந்தச் சலுகை இல்லை என்று எண்ணும்போது, நம் அண்ணாவிமார் குரலைப் பற்றி எவ்வளவு தெரிந்திருந்தார்கள் என்பது புரிகிறது.

பிறகு என்ன ஆயிற்று? பட்டம் முடிந்தது. இராவணன் பேராசிரியரானார், மட்டக்களப்பில் கிழக்குப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு இராவணேசனை மீண்டும் எழுப்பினார். அது நமக்குக் கிடைத்த பேறு. ஆனால் அவருக்குச் சோறு போட்டது விரிவுரையாளர் வேலை. மற்றவர்கள் பாடசாலைக்கும் கந்தோருக்கும் போனார்கள். இந்த மலைகளைச் சுற்றியுள்ள தோட்டங்களில் மாசி மாதக் காமன் கூத்தில் தப்பு முழங்க இரவெல்லாம் பாடுகிறவர் காலையில் மலைக்கு வேலைக்குப் போகவேண்டும். குரலுக்குக் குறைவு எங்கே இருந்தது?

சம்பளம் தேவைப்படாத பாடகர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். சேர் ஜேம்ஸ் பீரிஸின் மகன், கேம்பிரிட்ஜில் படித்தவர், சட்டத்தைக் கைவிட்டு லண்டனில் பாட்டுப் பயின்றார். தேவார் சூரியசேன (1899–1981) என்று பெயரை மாற்றிக்கொண்டு, மனைவி நெலுன் தேவியோடு கிராமப் பாட்டுகளைத் தேடித் திரட்டி, இங்கும் வெளிநாட்டிலும் அரங்கேற்றினார். குடும்பச் சொத்து அவருக்கு ஓபரா அரங்கின் வேலையைச் செய்தது. பின்னாளில் கிஷானி ஜெயசிங்க லண்டன் ரோயல் ஓபராவின் இளங்கலைஞர் திட்டத்தில் இரண்டு வருடம் பயின்று உயர்ந்தார், அவர் சொப்ரானோ. இலங்கை வழிவந்த ஷோன் பனிக்கர் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ ஓபராவின் பயிற்சியில் வளர்ந்த டெனர். பிலிப் கிளாஸின் ‘சத்தியாக்கிரக’த்தில் காந்தியாகப் பாடினார். ஏணி இருந்த இடத்தில் நம்மவர் ஏறியிருக்கிறார்கள்.

சினிமா நமக்கு ஒரு மாற்று ஏணி தந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. ஒலிவாங்கி வந்தபின் சிதம்பரம் ஜெயராமனின் கனத்த குரல் ‘பராசக்தி’யில் (1952) சிவாஜிக்குப் பொருந்தியது, 1954இல் ‘தூக்குத் தூக்கி’யில் ரி. எம். சௌந்தரராஜன் அந்த இடத்தைப் பிடித்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. பாரிட்டோனுக்குரிய வயது! ஆனால் ஒலிவாங்கிக்கு அந்த 3,000 ஹேர்ட்ஸ் ரீங்காரம் வேண்டியதில்லை. அதனால் அதைப் பயிற்றுவிக்க இங்கே யாருக்கும் தேவை ஏற்படவில்லை.

இந்த அறக்கட்டளையின் நிதி சொற்பொழிவுகளுக்கு மட்டும் என்று விதி இல்லையென அறிகிறேன். எனவே ஒரு வேண்டுகோள். வருடா வருடம் கிண்ணம் கொடுக்கும் போட்டி வேண்டாம். நம்மிடம் அவை போதும். ஒரு பாடகர், ஒரு பக்கவாத்தியக்காரர், இருவருக்கும் மூன்று வருடம் மாதச் சம்பளம். மாதம் ஒருமுறை இந்த வளாகத்தில், ஒலிபெருக்கி இல்லாமல், சின்ன மண்டபத்தில் ஓர் அரங்கு. கூத்துத் தருவும் பாடட்டும், சிங்கத்தின் பாட்டும் பாடட்டும், ஷூபர்ட்டையும் கட்டை இறக்கிப் பாடட்டும். விண்ணப்பப் படிவத்தில் இளங்கலைஞர் என்றதும் வழக்கமாக 25 வயதுக்கு உட்பட்டோர் என்று அச்சடித்துவிடுவார்கள். அந்த வரியைத் தயவுசெய்து மாற்றி, 25 வயது நிரம்பியவராக இருத்தல் வேண்டும் என்று போடுங்கள். மேல் எல்லையை நாற்பதில் வைத்தாலும் எனக்கு ஆட்சேபனை இல்லை.