விரலும் கண்ணாகும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு இதே மேடையில் எங்கள் மகள் பாடினாள், மகிழ்ந்து கைதட்டினீர்கள். விழித்திரை நோயால் பார்வையின் பெரும்பகுதியை இழந்தவள் அவள் என்பதை உங்களிற் பலர் அறியீர்கள். செவிலியாக வேண்டுமென்பது அவள் விருப்பம். ஒரு கல்லூரியில், மதிப்பெண் பட்டியலைப் பார்க்குமுன்னரே, 'இயலாது' என்று அனுப்பிவிட்டனர். அன்று அவள் அழவில்லை, நாங்கள்தாம் அழுதோம்.

பின்னர் அமைதியாக எண்ணிப் பார்த்தோம். ஊசிமருந்தின் அளவைப் படிக்கவும், நோயாளியின் முகநிறம் மாறுவதைக் காணவும் கண் வேண்டும். பிறர் உயிர் நம் பொறுப்பில் இருக்கையில் இதனை மறைத்துப் பேசுதல் அறமாகாது. ஆயினும், பார்வைக் குறைவு எல்லோர்க்கும் ஒரே அளவினதன்று. மருத்துவத் தொண்டும் ஒரே வகையினதன்று. அளவைப் பேசிக் கூறும் வெப்பமானியும் இரத்த அழுத்தமானியும் இன்று கிடைக்கின்றன.

ஜெர்மனியில் ஃபிராங்க் ஹாஃப்மன் என்னும் மகளிர் மருத்துவர் புதுவழியொன்று கண்டார். பார்வையற்ற பெண்களின் பயின்ற விரல்களைக் கொண்டு மார்பகக் கட்டிகளைத் தொடக்கத்திலேயே கண்டறியும் முறை அது. தொட்டுணரும் குறிகள் அமைந்த நாடாக்களை ஒட்டி, சிறு சிறு பகுதியாகத் தடவிப் பார்த்து, ஐயத்துக்குரிய இடத்தைக் குறித்து மருத்துவரிடம் தெரிவிப்பர். நோய் இன்னதென முடிவு செய்பவர் மருத்துவரே. பயிற்சிக் காலம் 9 மாதம். நாம் வாழும் இத்தில்லி மாநகரிலேயே, தேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் மகளிர் மையம் இப்பயிற்சியை அளித்துள்ளது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், அரசு உயர்கல்வி நிலையங்களிலும் அரசின் உதவி பெறுவனவற்றிலும் 5 விழுக்காட்டிற்குக் குறையாத இடங்களை ஒதுக்கச் சொல்கிறது. செவிலியர் படிப்பிற்கெனத் தனி உடல்தகுதி விதிகளும் உண்டு. இரண்டையும் படித்தறியாமல் பிள்ளைகளின் ஆசையை வளர்த்தலும் தவறு. கிள்ளி எறிதலும் தவறு.

எங்கள் மகள் இப்போது அந்தத் தொடுபரிசோதனைப் பயிற்சியில் நாட்டம் கொண்டிருக்கிறாள். சங்கத்தாரிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. அத்தகைய பயிற்சி பெற்ற பெண்களை அழைத்து, மகளிர்க்கென ஒரு பரிசோதனை நாள் நடத்துங்கள். தாய்மார்கள் கூச்சம் விட்டு வாருங்கள். அடுத்து, எங்கள் மகளை வழியிற் கண்டால் 'ஐயோ, பாவம்' என்னாதீர்கள். 'என்னம்மா படிக்கிறாய்?' என்று கேளுங்கள். அவளிடம் விடை இருக்கிறது.