வலிக்காத நோயைத் தேடிச் செல்லுதல்



விழித்திரை நோய்களைப் பற்றி இரண்டு நாள் பேசக் கூடியிருக்கிறோம். நிகழ்ச்சி நிரலில் புதிய ஊசி மருந்துகளுக்கும் மரபணு சிகிச்சைக்கும் செயற்கை நுண்ணறிவுக்கும் தாராளமாக இடம் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்க வேண்டியதுதான். தலைமை ஏற்றவன் என்ற உரிமையில் நான் இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறேன். இன்று நம் கையில் இருக்கும் சிகிச்சையாலேயே காப்பாற்றியிருக்கக்கூடிய கண்கள் ஏன் இன்னும் இருண்டுபோகின்றன? நோயாளி பிந்தி வருகிறார். அல்லது ஒருமுறை வந்தவர் மறுபடி வருவதில்லை. இவ்விரண்டையும் ஆராய்ச்சிப் பொருளாகவே இந்த அவை எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிந்தி வருகிறார் என்று நோயாளியைக் குறை சொல்வது நியாயமில்லை. விழித்திரைக்கு வலி தெரியாது. சர்க்கரை நோயில், நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரைத் தாங்கும் செல்கள் முதலில் அழிகின்றன. சுவர் ஆங்காங்கே புடைக்கிறது, கசிகிறது. சில குழாய்கள் அடைத்துக்கொள்கின்றன. பிராணவாயு கிடைக்காத விழித்திரை வி.ஈ.ஜி.எஃப். என்னும் புரதத்தைச் சுரக்க, அதன் தூண்டுதலால் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை மெலிந்தவை, எளிதில் உடைபவை. இத்தனை நடந்தும் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா தப்பியிருந்தால், அந்த மனிதர் பார்வை அட்டையின் கடைசி வரியைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் படித்துவிடுவார். சீட்டில் 6/6 என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். பிறகு ஒருநாள் காலையில் கண் விழிக்கும்போது உள்ளே இரத்தம் கசிந்து எல்லாம் மறைந்திருக்கும். “நேத்து வரைக்கும் நல்லாத்தானே தெரிஞ்சுது டாக்டர்” என்பார். அவர் சொல்வது முழு உண்மை. சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து உள்ளே பார்க்காத வரையில் மருத்துவருக்கும் அதற்குமேல் தெரிந்திருக்க வழியில்லை.

நம் துறை வளர்ந்ததே அப்படி உள்ளே பார்த்தவர்களால்தான். ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், கண்ணுக்குள் பார்க்க உதவும் தம் ஆஃப்தால்மாஸ்கோப்பை உலகுக்கு அறிவித்தது 1851இல். உயிருள்ள மனிதனின் விழித்திரையை மருத்துவர்கள் தெளிவாகக் கண்டது அதன் பிறகே. விழித்திரை விலகலுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து ஜூல் கோனின், கிழிசல்தான் காரணம், அதைத் தேடிப்பிடித்து அடைத்தால் விழித்திரை மீண்டும் ஒட்டும் என்று காட்டினார். ஏறக்குறைய எல்லோரும் பார்வை இழந்துகொண்டிருந்த ஒரு நோய் குணமாகத் தொடங்கியது. விழித்திரையின் ஓரம் வரை இரு கண்களாலும் பார்க்கத் தலையில் மாட்டிக்கொள்ளும் கருவியை உருவாக்கியவர் சார்லஸ் ஷெபன்ஸ். பாஸ்டனில் அவரிடம் பயின்று திரும்பிய டாக்டர் எஸ்.எஸ். பத்ரிநாத் 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவைத் தொடங்கினார். இங்குள்ள பலர் அந்தப் பரம்பரையில் வந்தவர்கள்.

ஜெர்மனியின் மேயர்-ஷ்விக்கராத்தைப் பற்றியும் மாணவர்களுக்குச் சொல்ல ஆசைப்படுகிறேன். 1945ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்ததால் விழித்திரையில் உண்டான வடு அவரைச் சிந்திக்க வைத்தது. ஒளியால் வடு உண்டாகும் என்றால், வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு வடுவை உண்டாக்கி நோயைக் கட்டுப்படுத்த முடியாதா? முதலில் சூரிய ஒளியையே பயன்படுத்தினார்; பிறகு செனான் விளக்கு வந்தது. அதன் வழித்தோன்றல்தான் நாம் அன்றாடம் கையாளும் லேசர். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 1976இல் வெளியிட்ட முடிவுகள், முற்றிய சர்க்கரை விழித்திரை நோயில் கடுமையான பார்வையிழப்பை ஒளிச் சிகிச்சை பாதிக்கும் மேலாகக் குறைப்பதைக் காட்டின. பக்கவாட்டுப் பார்வையும் இரவுப் பார்வையும் ஓரளவு குறையலாம். அந்த விலையைக் கொடுத்து நடுப் பார்வையைக் காப்பாற்றுகிறோம்.

சிகிச்சை தெரிந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் அது யாருக்குத் தேவை என்று தேடும் ஏற்பாடுதான் இன்னும் அரைகுறையாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வு, சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று 2023இல் மதிப்பிட்டது. சென்னை நகரத்தில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது. இத்தனை பேரும் கண் மருத்துவமனை வாசலுக்கு வந்து சேர்வார்கள் என்று காத்திருக்க முடியாது. கேமரா சர்க்கரை நோய்ப் பிரிவில் இருக்க வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே போகிறது. மாத்திரை போகும் வழியிலேயே ஆண்டுக்கு ஒரு விழித்திரைப் படத்துக்கும் வழி செய்யலாம்.

படத்தைப் படிக்க மனிதர் போதாது என்றால் கணினி உதவும். அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா ஆகியவற்றின் படங்களையும் கொண்டு கூகுள் ஆய்வாளர்கள் உருவாக்கிய நிரல், நிபுணர்களுக்கு நிகராக நோயைக் கண்டதை 2016இல் பார்த்தோம். அதே தொழில்நுட்பம் தாய்லாந்தின் சிற்றூர் மருத்துவ நிலையங்களுக்குப் போனபோது, எடுத்த படங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைக் கணினி ஏற்கவில்லை. அறையில் வெளிச்சம் அதிகம், இணைய வேகம் குறைவு. நல்ல திரைச்சீலை ஒன்று, பாப்பாவை விரிக்கத் தெரிந்த செவிலியர் ஒருவர் என்று நாம் சிறிதாக நினைப்பவைதான் அங்கே முடிவைத் தீர்மானிக்கின்றன. தொழில்நுட்பக் கட்டுரைகளை வாசிக்கப்போகிறவர்கள் இதையும் விரிவாகச் சொல்ல வேண்டுகிறேன்.

அடுத்தது, வந்தவர் திரும்பி வராதது. முற்றிய சர்க்கரை விழித்திரை நோய்க்கு லேசருக்குப் பதிலாகக் கண்ணுக்குள் ஊசியே போதும் என்பதற்கு 2015 முதல் நல்ல சான்றுகள் உண்டு. அந்த ஆய்வுகளில் நோயாளிகள் மாதம் தவறாமல் கண்காணிக்கப்பட்டார்கள். நம் வெளிநோயாளிப் பிரிவில் அப்படியா நடக்கிறது? பிலடெல்பியா மருத்துவர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வை ஒவ்வொரு முதுநிலை மாணவரும் படிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வராமல் போய்த் திரும்பி வந்தவர்களில், ஊசி மட்டும் போட்டிருந்த கண்களில் மூன்றில் ஒன்றில் இழுவையால் விழித்திரை விலகியிருந்தது. லேசர் செய்த கண்களில் அது மிக அரிதாகவே நேர்ந்தது. மகனுடைய விடுமுறைக்கும் பேருந்து நேரத்துக்கும் கட்டுப்பட்டவர் அடுத்த மாதம் வருவாரா என்ற ஐயம் இருந்தால், முதல் வருகையிலேயே லேசர் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாக்குலா வீக்கத்துக்கு ஊசி தேவைப்பட்டால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். பழைய சிகிச்சை என்று லேசரைக் கற்றுக்கொடுக்கத் தயங்கும் போக்கு தென்படுகிறது. அது எனக்குக் கவலை தருகிறது.

என் மனத்தை மிகவும் உறுத்துவது குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய். 1942இல் பாஸ்டனில் டெரி முதன்முதலில் விவரித்த அந்த நோய் பத்தாண்டுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் பார்வையைப் பறித்தது. இன்குபேட்டரில் அளவின்றிக் கொடுத்த பிராணவாயுவே காரணமாக இருக்கலாம் என்று மெல்பர்னில் கேட் கேம்ப்பெல் 1951இல் எழுதினார். பின்னர் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. இன்று நம் மாவட்ட மருத்துவமனைகள் முன்பு பிழைத்திராத குழந்தைகளைப் பிழைக்க வைக்கின்றன. பெருமைப்பட வேண்டிய சாதனை அது. ஆனால் பிராணவாயுவின் அளவைக் கண்காணிக்கும் வசதி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. அதனால் அமெரிக்காவில் இந்நோய் அரிதாகவே வரக்கூடிய எடையுள்ள குழந்தைகளுக்கும் இங்கே வருகிறது. அங்கே கண் பரிசோதனைக்கு 1,500 கிராம், 30 வாரம் என்பது வரம்பு. அதை அப்படியே எடுத்துக்கொண்டால் நம் குழந்தைகள் சிலர் தவறிவிடுவார்கள். 2,000 கிராமுக்குக் குறைவாகவோ 34 வாரத்துக்கு முன்போ பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் முப்பது நாட்களுக்குள் பார்க்க வேண்டும், மிகச் சிறிய குழந்தைகளை இன்னும் முன்னதாகவே பார்க்க வேண்டும் என்று இந்திய வழிகாட்டுதல் வகுத்திருப்பது அதனால்தான்.

சிகிச்சை தேவை என்று தெரிந்தால் இரண்டு மூன்று நாட்களுக்குள் லேசர் செய்தாக வேண்டும். விழித்திரை முழுதும் விலகிவிட்டால் அறுவை சிகிச்சையாலும் பயனுள்ள பார்வையைத் தருவது கடினம். ஆனால் குழந்தை பிழைத்த மகிழ்ச்சியில் தாய் ஊருக்குப் போயிருப்பாள். கண்ணைக் காட்ட வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். கர்நாடகத்தில் 2008இல் தொடங்கிய கிட்ராப் திட்டத்தில், பயிற்சி பெற்ற பணியாளர்களே கேமராவோடு மாவட்டப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்குப் போய்ப் படமெடுக்கிறார்கள். நிபுணர் தொலைவிலிருந்தே முடிவு சொல்கிறார். ஒவ்வொரு மாவட்டத்திலும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். கண் பரிசோதனைத் தேதி எழுதாத டிஸ்சார்ஜ் சீட்டு எந்தக் குழந்தையோடும் போகக் கூடாது.

கட்டுரை வாசிப்பவர்களிடம் ஒரு விண்ணப்பம். எத்தனை பேருக்குச் சிகிச்சை தொடங்கினீர்கள், ஓராண்டு கழித்து அவர்களில் எத்தனை பேர் உங்கள் கண்காணிப்பில் இருந்தார்கள் என்பதை முதல் ஸ்லைடிலேயே காட்டுங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் தயங்க வேண்டாம். அதைப் பேசத்தான் கூடியிருக்கிறோம். முதல் அமர்வு குறைமாதக் குழந்தைகளைப் பற்றியது. மாவட்ட மருத்துவமனைகளிலிருந்து வந்திருக்கும் செவிலியர்களின் கேள்விகளுக்கு அதில் போதிய நேரம் ஒதுக்குமாறு அமர்வுத் தலைவரைக் கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.