பதினொரு அட்டை வீடுகள்
(நமது ஆஸ்பத்திரி ஆதரவாளர்களின் கிறிஸ்துமஸ் கூடுகையில் சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)



இந்த மேஜைமேல் மினுங்குகிற பதினொரு அட்டை வீடுகளைப்பற்றிப் பேசும்படி நமது டாக்டரம்மா கேட்டுக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் பொம்மை வீட்டுப் பேச்சா என்று சிலர் நினைக்கலாம். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது.

1741-ம் வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு, அமெரிக்காவில் பென்சில்வேனியா காட்டுக்குள் மொரேவிய சகோதரர்கள் ஒரு மரவீட்டில் கூடினார்கள். ஒரே கூரையின்கீழ் ஒருபுறம் மனிதர், மறுபுறம் மாடுகள். அன்றிரவுதான் சின்சென்டார்ஃப் பிரபு அந்தக் குடியிருப்புக்குப் பெத்லகேம் என்று பேரிட்டார். அதே சபையார் 1760-ல் நமது தரங்கம்பாடிக்கும் ஊழியத்திற்கு வந்தார்கள் என்பதை இங்கே எத்தனைபேர் அறிவீர்களோ! பாசி, மரவேர், சிறு உருவங்கள் இவற்றால் அவர்கள் அமைத்த பிறப்பின் காட்சிக்கு 'புட்ஸ்' என்று பேர். நாம் குடில் கட்டுவதுபோலத்தான். நாளடைவில் கிறிஸ்துமஸ் மரத்தடியில் ஒரு கிராமமே எழும்பிற்று.

1920-களின் கடைசியில் அந்தக் கிராமத்துக்கு வீடுகள் ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்தன. அட்டையை வெட்டி ஒட்டி, வர்ணம் பூசி, மினுமினுப்புப் பொடி தூவி, ஜன்னலுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் வைத்தார்கள். பின்சுவரில் பல்பு நுழைய ஒரு துவாரம். பீர்க்கங்கூடு போன்ற நாரில் செய்த மரம் வாசலில் நிற்கும். அமெரிக்காவில் சில காசுக்கு விற்றார்கள். 1941-ல் இரு தேசங்களுக்கும் யுத்தம் மூண்டது, வியாபாரமும் நின்றது. செய்த கைகளும் வாங்கிய கைகளும் சத்துருக்களாயின. ஆனாலும் பழைய வீடுகளைப் பலர் எறிந்துவிடவில்லை. யுத்தத்திற்குப்பின் வந்த சிலவற்றின் அடியில் 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என்ற முத்திரையைக் காணலாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனது கலங்கும்.

என் முதல் வீடு, மகனோடு பென்சில்வேனியாவில் தங்கியிருந்தபோது ஒரு சபை விற்பனையில் ஒரு டாலருக்குக் கிடைத்தது. புகைபோக்கி இல்லை. ஊருக்கு வந்ததும் ஆசையாய் உள்ளே சூடான பல்பைப் போட்டேன்; ஜன்னல்தாள் சுருங்கிப்போயிற்று. இப்போது சூடேறாத எல்.ஈ.டி. விளக்குதான். நம் ஊர் ஈரத்தில் பசை இளகும், இராமபாணப் பூச்சி பசையைத் தின்னும். ஆகவே மழைக்காலம் முழுதும் தகரப்பெட்டியில் ஈரமுறிஞ்சும் பொட்டலங்களோடு வைத்திருப்பேன். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. மெல்லிய தூரிகை போதும்.

சென்ற வருஷம் இவற்றைக் குழந்தைகள் வார்டில் வைக்கலாமா என்று டாக்டரம்மா கேட்டபோது நான் முடியாது என்றேன். கெட்டுப்போகும் என்பதே காரணம். வெளியில் சொன்ன காரணம் வேறு: பழைய பொடியில் கண்ணாடித்தூள் இருக்கலாம், பிள்ளைகளின் கண்ணுக்கு ஆகாது என்றேன். அது மெய்தான். ஆனால் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தால் தீர்ந்துபோகிற காரியம் என்று எனக்குத் தெரியும். அதை நான் சொல்லவில்லை. அந்தக் கிறிஸ்துமஸில் வீடுகள் என் தகரப்பெட்டியில் இருளிலேயே கிடந்தன. வார்டில் இருந்த பிள்ளைகளில் யாரும் அவற்றைக் காணவில்லை.

இந்த வருஷம் அலமாரி செய்தாயிற்று. டிசம்பர் முதல் வாரத்திலிருந்து வார்டு வாசலில், கட்டில் உயரத்துக்கு இருக்கும். படுத்திருக்கிற பிள்ளைக்கும் தெரியவேண்டுமே. பக்கத்தில் காணிக்கைப்பெட்டி ஒன்று. அதில் விழுவதெல்லாம் பணம் கட்ட முடியாத பிள்ளைகளின் மருந்துச் செலவுக்கே. மாலை ஆறு மணிக்கு விளக்கு எரியும். பேரப்பிள்ளைகளை அழைத்து வாருங்கள். புகைபோக்கி இல்லாத வீடு இரண்டாவது தட்டில், இடது ஓரத்தில்.