ஞாபகம் வேறு, அறிவு வேறு

(முதுகுளத்தூரில் பேசிய பேச்சின் சுருக்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்குச் சிரிப்பாகக்கூட இருக்கலாம். "பரீட்சையில் காகிதத்தைப் பார்த்து எழுதப் பிள்ளைகளுக்கு அனுமதி கேட்கிறாரே, இவர் பிள்ளைகளைக் கெடுக்க வந்தவரா?" என்று சிலர் கேட்பீர்கள். முழுவதும் கேட்டுவிட்டுப் பிறகு சிரிப்பதானால் சிரியுங்கள். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நீங்கள் நம்பவேண்டியதில்லை. உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

முதலில் நம் கையிலிருக்கும் இந்தத் துண்டுக் காகிதத்தைப் பாருங்கள். இதில் ஏழெட்டு வார்த்தைகள் எழுதியிருக்கிறோம். இதை அவ்வப்போது பார்த்துக்கொண்டுதான் பேசப்போகிறோம். இதற்காக, "இவருக்கு விஷயம் தெரியாது, பார்த்துப் பேசுகிறார்" என்று உங்களில் யாராவது சொன்னீர்களா? சொல்லமாட்டீர்கள். ஏனென்றால் விஷயம் தெரியாத ஒருவர் கையில் இதைக் கொடுத்தால் அவரால் ஒரு நிமிஷமும் பேசமுடியாது என்பது உங்களுக்குத் தெரியும். வக்கீல் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் காட்டித்தான் வாதாடுகிறார். நீதிபதி அதே புத்தகத்தைப் பார்த்துத்தான் தீர்ப்பு எழுதுகிறார். மருந்தின் அளவில் சந்தேகம் வந்தால் நல்ல டாக்டர் புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறார்.

1935ஆம் வருஷம் அமெரிக்காவில் போயிங் கம்பெனியார் செய்த ஒரு பெரிய ஆகாய விமானம் சோதனை ஓட்டத்தில் கிளம்பிய உடனே கீழே விழுந்து எரிந்துபோயிற்று. ஓட்டியவர் அனுபவத்தில் மிகவும் தேர்ந்தவர். கிளம்புமுன் எடுக்கவேண்டிய ஒரு பூட்டை எடுக்க மறந்துவிட்டதுதான் காரணம். அதன் பிறகுதான், எவ்வளவு கெட்டிக்காரராயிருந்தாலும் விமானத்தைக் கிளப்புமுன் அட்டையிலுள்ள குறிப்புகளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும் என்ற வழக்கம் பரவிற்று. "எனக்கு அட்டை வேண்டாம், எல்லாம் மனப்பாடம்" என்று சொல்லுகிறவர் ஓட்டும் விமானத்தில் நீங்கள் ஏறுவீர்களா? பெரியவர்களுக்கெல்லாம் துண்டுக் காகிதம் உண்டு. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு மாத்திரம் கிடையாது என்றால் இது என்ன நியாயம்?

நிற்க, எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்று நாம் கேட்க வரவில்லை. சில பிள்ளைகளுக்காக மாத்திரமே கேட்கிறோம். பாடம் நன்றாக விளங்கும். கேட்டால் வாயால் சொல்லும். ஆனால் பெயரும், வருஷமும், சூத்திரமும் வேண்டிய நேரத்தில் நினைவுக்கு வராது என்றுள்ள பிள்ளைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். சில பிள்ளைகளுக்கு அது எழுத்தோடும் எண்ணோடும் பிறவியிலேயே வரும் தடை. டிஸ்லெக்சியா, டிஸ்கால்குலியா என்று சொல்லுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு வலிப்பு நோயாலும், சிலருக்கு விபத்தில் தலையில் பட்ட அடியாலும், சிலருக்கு மூளைக்காய்ச்சலாலும் வந்த குறை. இது சோம்பலல்ல, திமிரல்ல, புத்தியில்லாமையுமல்ல.

இதற்கு ஆராய்ச்சியும் இருக்கிறது. 1966ஆம் வருஷம் டல்விங், பியர்ல்ஸ்டன் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் கானடாவில் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பல இனங்களைச் சேர்ந்த வார்த்தைகளை ஒரு பட்டியலாகச் சொல்லிவிட்டு, நினைவிலிருப்பதை எழுதச் சொன்னார்கள். ஒரு கூட்டத்தாருக்கு ஒன்றும் காட்டவில்லை. மற்றொரு கூட்டத்தாருக்கு ஒவ்வொரு இனத்தின் பெயரை மாத்திரம் காட்டினார்கள். இனப்பெயரைக் கண்டவர்கள் மற்றவர்களைவிட மிக அதிகமான வார்த்தைகளை எழுதினார்கள். இதற்கு அர்த்தம் என்ன? எழுத முடியாமற்போனவர்கள் தலையிலும் அந்த வார்த்தைகள் இருக்கத்தான் செய்தன. எடுக்க வழிதான் கிடைக்கவில்லை என்பதுதானே! குலுக்கையில் தானியம் இருக்கிறது, திறக்கத்தான் வழியில்லை. திறக்க முடியவில்லை என்பதற்காக, "உன் வீட்டில் தானியமே இல்லை" என்று எழுதிக்கொடுப்பது பரீட்சையா, பித்தலாட்டமா?

நம் சங்கதியையே சொல்லுகிறோம். நாம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். பதிமூன்றாம் வாய்ப்பாடு நம் தலையில் ஒருநாளும் நின்றதில்லை. அதற்காக முழங்கால் போட்டோம், பிரம்படி பட்டோம், கடைசியில் "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று முத்திரையும் குத்திக்கொண்டு வெளியே வந்தோம். பிறகு ஒரு மிளகாய் மண்டியில் வேலைக்குச் சேர்ந்தோம். அங்கே முதலாளி கல்லாப்பெட்டி மூடியின் உள்பக்கம் வாய்ப்பாட்டை ஒட்டிவைத்திருந்தார். அதைப் பார்த்துப் பார்த்து எட்டு வருஷம் கணக்கெழுதினோம்; ஒரு பைசா பிசகினதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத முட்டாள், மண்டியில் கணக்கப்பிள்ளையானான் என்றால், கோளாறு நம் தலையிலா, அந்தப் பரீட்சையிலா?

மிளகாய் மண்டியைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லுகிறோம். நம் சீமை முண்டு மிளகாயின் காரத்தை யாராவது தராசில் வைத்து நிறுப்பார்களா? தராசு எடையைச் சொல்லும், காரத்தைச் சொல்லாது. அதுபோல, பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்று அறிய வேண்டுமானால் புரிந்ததைத்தான் சோதிக்க வேண்டுமே ஒழிய, மனப்பாடத்தை நிறுத்துப் பார்த்து, "அறிவு இவ்வளவுதான்" என்று சீட்டுக் கொடுக்கக்கூடாது.

இந்தப் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? நம் நாட்டில் நெடுங்காலமாக மனப்பாடமே அறிவென்று மதிக்கப்பட்டு வந்திருக்கிறது. அர்த்தம் தெரியாமல் ஆயிரம் மந்திரம் ஒப்புவிக்கிறவன் பண்டிதன். கண்மாயில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் நிற்கும், கடலில் எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்று அறிந்தவன் தற்குறி! மனப்பாடம் செய்யச் சிலருக்கு மாத்திரம் உரிமை கொடுத்து, மற்றவர் காதில் விழவே கூடாதென்று தடுத்து, பிறகு "இவர்களுக்கு அறிவு கிடையாது" என்று பழித்த தேசம் இது. ஞாபக சக்தியை நாம் இகழவில்லை. ஒரே நேரத்தில் நூறு விஷயங்களைக் கவனத்தில் நிறுத்திக்காட்டிய கோட்டாறு சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரை நாமும் மெச்சுகிறோம். ஆனால், மல்யுத்தம் தெரிந்தவனை மெச்சலாம் என்பதற்காக, மல்யுத்தம் தெரியாதவனுக்கெல்லாம் சோறு கிடையாது என்று சட்டம் போடலாமா?

மறதியுள்ள பிள்ளைக்கு நம் ஜனங்கள் செய்கிற வைத்தியத்தையும் சற்று பாருங்கள். சரஸ்வதி காலடியில் பேனாவை வைப்பது. ஞாபகசக்தி லேகியம் வாங்கிப் புகட்டுவது. வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பது. ஒன்றும் பலிக்காவிட்டால் "தலையெழுத்து" என்று விட்டுவிடுவது. தலையெழுத்தென்று ஒதுக்கினதின் முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நாம் வெகுதூரம் போக வேண்டாம். நம் ஜில்லாவிலேயே, ஏர்வாடியில், 2001ஆம் வருஷம் ஆகஸ்டு 6ந் தேதி ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, மனநோயாளிகளென்று சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓடவும் வழியில்லாமல் கருகி மாண்டார்கள். அது வேறு நோய், இது வேறு குறை என்பது நமக்குத் தெரியும். ஆனால், மூளையில் வரும் குறையை வைத்தியத்துக்கும் உதவிக்கும் உரியதென்று எண்ணாமல், விதியென்றும் பேயென்றும் எண்ணுகிற புத்தி இரண்டுக்கும் ஒன்றேதான்.

சரி, நாம் கேட்பதென்ன? கானடாவில் பல கல்லூரிகளில் நடப்பதைச் சொல்லுகிறோம். இப்படிப்பட்ட குறையுள்ள மாணவர் தம் கையாலேயே ஒரு பக்கத்தில் குறிப்பெழுதிக்கொள்ளுகிறார். உபாத்தியாயர் அதைப் பார்த்து, விடை இருந்தால் அடித்துவிட்டு, நினைவுக்கு வழிகாட்டும் குறிப்பை மாத்திரம் அனுமதிக்கிறார். பரீட்சை முடிந்ததும் விடைத்தாளோடு அதையும் வாங்கி வைத்துவிடுகிறார்கள். இதை நாம் நினைவுத்தாள் என்று சொல்லலாம்.

குறிப்புக்கும் விடைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். "ஊ, க, நீ, ப, ம, ஆ, சி" என்று ஏழெழுத்து எழுதியிருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். ஒளியைப் பற்றிப் படித்த பிள்ளைக்கு அது ஊதா முதல் சிவப்பு வரை வானவில்லின் நிற வரிசை. படிக்காத பிள்ளைக்கு அது அர்த்தமில்லாத ஏழெழுத்துத்தான். ஆகவே, அறிந்தவனுக்கு உதவும், அறியாதவனுக்கு உதவாது என்பதே நினைவுத்தாளின் லட்சணம்.

இதற்குச் சிலர் ஆட்சேபணை சொல்லுவார்கள். "இது பிட் அடிப்பதுதானே?" என்பது முதல் ஆட்சேபணை. பிட் என்பது ஒளித்து வைப்பது. நினைவுத்தாள் உபாத்தியாயர் கையெழுத்தோடு மேஜைமேல் கிடப்பது. திருட்டுக்கும் தானத்துக்கும் உள்ள வித்தியாசம் இதற்கும் உண்டு.

"மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயமல்லவா?" என்பது இரண்டாவது ஆட்சேபணை. நம் மாகாணத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பரீட்சை மண்டபத்திலேயே லாகரிதம் அட்டவணை கொடுத்து வந்திருக்கிறார்கள். அதனால் கணக்குத் தெரியாதவன் எவனாவது நூறு மார்க்கு வாங்கினானா? இங்கிலாந்தில் கொரோனாவுக்குப் பின் 2022ஆம் வருஷப் பள்ளி இறுதிப் பரீட்சையில் கணக்குக்கும் பௌதிகத்துக்கும் சூத்திரத் தாளை எல்லாப் பிள்ளைகளுக்குமே கொடுத்தார்கள். அடுத்த வருஷங்களிலும் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கொடுத்தால் நியாயம், குறையுள்ள பிள்ளைக்குக் கொடுத்தால் அநியாயமா?

"பொய்ச் சர்ட்டிபிகேட்டு வாங்கி ஏமாற்றுவார்களே?" என்பது மூன்றாவது. ஏமாற்றுவார்கள்தான்; ஏமாற்றுகிறவனைப் பிடியுங்கள். பொய் ரேஷன் கார்டு இருக்கிறதென்று ஏழைக்கு அரிசியை நிறுத்துவது யோக்கியமாகுமா?

ஒன்றை நாமே ஒப்புக்கொள்ளுகிறோம். ஞாபகத்தையே சோதிக்கிற இடத்தில் நினைவுத்தாள் கூடாது. குறளை ஒப்புவி என்றால் குறளை எழுதிக் கையில் கொடுப்பது அர்த்தமற்றது. எதைச் சோதிக்கிறோம் என்று உபாத்தியாயர் முதலில் தெரிந்துகொள்ளட்டும். அது தெரிந்தால் தாள் எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்பது தானே விளங்கும்.

இதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறதா? இருக்கிறது. 1995ஆம் வருஷச் சட்டத்தில் ஏழு வகை ஊனங்களே சொல்லப்பட்டன. கற்றலில் வரும் குறைக்கு இடமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016ஆம் வருஷச் சட்டம், 2017 ஏப்ரல் 19 முதல் அமுலுக்கு வந்தபோது, அதை 21 ஆக்கிற்று. கற்றல் குறையும் அதில் சேர்ந்தது. பரீட்சை முறையைப் பிள்ளையின் தேவைக்கேற்ப மாற்றவேண்டும் என்று அதன் 17ஆம் பிரிவு சர்க்காருக்குக் கட்டளையிடுகிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு போன்றவை என்று உதாரணமும் காட்டுகிறது. நினைவுத்தாள் என்ற பெயர் அந்த உதாரணத்தில் இல்லை. ஆனால் "போன்றவை" என்று சொல்லிக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 2021 பிப்ரவரி 11ந் தேதி உச்சநீதிமன்றமும், கை எழுத வராத நோயுள்ள விகாஷ் குமார் என்பவரின் வழக்கில், 40 சதவீத ஊனம் இருந்தால்தான் எழுதுபவரைக் கொடுப்போம் என்ற வாதத்தைத் தள்ளி, ஒவ்வொருவருக்கும் அவரவர் தேவைக்கேற்ற வசதி செய்யவேண்டியது கடமை என்று தீர்ப்புச் சொல்லிற்று. ஆகவே நாம் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

ஆனால், தோழர்களே! கேளாத உரிமை காகிதத்தில்தான் இருக்கும். உங்கள் பிள்ளையோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, வாயால் நன்றாகச் சொல்லிவிட்டுப் பரீட்சையில் தோற்று வந்தால், அடிக்காதீர்கள். கோவிலுக்கும் தர்காவுக்கும் இழுக்காதீர்கள். சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்ப் பரிசோதித்துச் சான்று வாங்குங்கள். இராமநாதபுரத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். பரீட்சைக்கு முதல் நாளல்ல, பள்ளிக்கூடம் திறந்த உடனே தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். கூடுதல் நேரத்தோடு நினைவுத்தாளையும் சேர்த்துக் கேளுங்கள். "ரூலில் இல்லை" என்று சொன்னால், அதையும் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். பெண்பிள்ளை என்றால் இன்னும் பிடிவாதமாகக் கேளுங்கள். ஏனென்றால், ஆண்பிள்ளை தோற்றால் டுடோரியலுக்கு அனுப்புகிற நாம், பெண்பிள்ளை தோற்றால் உடனே கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடுகிறோம்.

நாம் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்த நாளில் நமக்காகக் கேட்க ஒருவரும் இல்லை. இன்று உங்கள் ஊரில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், அதற்காகக் கேட்க நீங்கள் இருக்கிறீர்கள். இதோ, நம் துண்டுக் காகிதத்தில் கடைசி வார்த்தையும் முடிந்துவிட்டது. ஆகவே பேச்சையும் இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.